அப்படி நடந்திருந்தால்…?



எங்கடை சனம் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில்தான் போய் நிற்கும். 1948 இல் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தபோது எல்லோரும் ஒன்றாக நின்றிருந்தால்? 1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வராமல் விட்டிருந்தால்? 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரியாமல் இருந்திருந்தால்? 1983 ஜூலை நடக்காமல் இருந்திருந்தால்? 2009 இல் உலகம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்திருந்தால்? வேலைத்தலத்தில் இடைவேளை முடிந்து மணி அடித்துவிடும், கேள்வி முடியாது. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் அமெரிக்கர்களுக்கும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலக யுத்தத்தை வைத்துத்தான் இப்படிக் கற்பனை செய்கிறார்கள். கலிபோர்னியாவில் வாழ்ந்த பிலிப் கே. டிக் என்ற எழுத்தாளர் 1962 இல் ஒரு நாவல் எழுதினார். அதிலே ஜெர்மனியும் யப்பானும் யுத்தத்தில் வென்றுவிடுகின்றன. நாங்கள் வேலை செய்யும் இந்தக் கிழக்குக் கரை ஜெர்மன்காரர் கையில். எங்கள் உறவுகள் இருக்கும் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் யப்பான்காரர் கையில். 2015 முதல் 2019 வரை அது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. உயர்பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சிலவேளை இப்படியொரு கட்டுரை எழுதும் வேலை கொடுப்பார்கள்.

ஆனால் இந்தக் கற்பனைகளிலே எங்கள் ஊர் வராது. திருகோணமலையும் மட்டக்களப்பும் பலாலியும் வராது. அவற்றை நாங்கள்தான் எழுதவேண்டும். சண்டையால் பள்ளிக்கூடம் பாதியில் நின்ற ஆட்கள் நாங்கள். இரவு வேலை முடிந்து வந்து, நகர நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் பிள்ளைகளின் உதவியோடு வாசித்து அறிந்ததை இந்த மாதம் உங்களோடு பகிர்கிறோம்.

உயிர்த்த ஞாயிறு, 1942

உயிர்த்த ஞாயிறு என்றதும் இப்போது எல்லோருக்கும் 2019 தான் நினைவுக்கு வரும். அதற்கு 77 வருடங்களுக்கு முன்னும் ஓர் உயிர்த்த ஞாயிறு இலங்கைக்கு இரத்தத்தோடு விடிந்தது. 1942 ஏப்ரல் 5. எங்கள் பாட்டன் பூட்டன்மார் 'யப்பான்காரன் குண்டு போட்ட காலம்' என்று சொல்வார்களே, அதுதான் இது.

அந்த வருடம் பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் றங்கூன் விழுந்தது. மலாயாவின் இறப்பர் கைவிட்டுப் போனதால், நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கைத் தோட்டங்களில்தான் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தின் அருமை உங்களுக்குத் தெரியும். நாகுமோ என்ற தளபதியின் கீழ் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன. 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பரைத் தாக்கி அமெரிக்காவை யுத்தத்துக்குள் இழுத்த அதே படைதான்.

ஏப்ரல் 4 ஆம் திகதி, காலிக்குப் பக்கத்திலே கொக்கலையில் இருந்து ஒரு கடல்விமானம் காவலுக்குப் போனது. ஓட்டியவர் லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடாக்காரர். அவருடைய படைப்பிரிவு இலங்கைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தீவுக்குத் தெற்கே சில நூறு மைல் தூரத்தில் அவர் கடலிலே கப்பல்களைக் கண்டார். கிட்டப் போய்ப் பார்த்துக் கொழும்புக்கு வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோதே விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள். மற்ற ஆறு பேரும் சிறைபிடிக்கப்பட்டார்கள். பேர்ச்சல் யுத்தம் முடியும்வரை யப்பானியச் சிறைமுகாம்களில் இருந்தார். அவர் இறந்தது 2004 இல்.

அந்தச் செய்தி வந்தபடியால் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கொழும்பில் குண்டு விழுந்தபோது பெரிய இரை அங்கே இருக்கவில்லை. ஆனாலும் அன்று பகலே கடலில் இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 9 இல் திருகோணமலை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. அது இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது.

கொழும்பிலிருந்து சனம் மூட்டை முடிச்சுகளோடு ஊர்களுக்கு ஓடியது. அங்கால் சென்னையிலும் அதே கதை. யப்பான்காரன் வரப்போகிறான் என்று நகரமே காலியானது.

அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் எங்கள் கேள்வி.

வந்திருந்தால்?

பேர்ச்சல்தான் இலங்கையைக் காப்பாற்றினார் என்று கனடாவில் சொல்வார்கள். அவருடைய தீரத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாசித்துப் பார்த்தால் அவர் காப்பாற்றியது கப்பல்களையும் அவற்றில் இருந்த ஆட்களையும் என்றுதான் தெரிகிறது. அந்த ஏப்ரலில் வந்த படை அடித்துவிட்டுப் போக வந்த படை. தீவைப் பிடித்து வைத்திருக்கத் தரைப்படை வேண்டும். இலங்கையைப் பிடிப்போம் என்று யப்பானியக் கடற்படைத் தலைமை 1942 தொடக்கத்தில் ஒரு திட்டம் போட்டது உண்மை. அதற்கு ஆட்கள் தரமுடியாது என்று தரைப்படைத் தலைமை மறுத்துவிட்டது. அவர்களுடைய சேனை சீனாவிலே சிக்கியிருந்தது. சோவியத் எல்லையிலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பாட்டன்மாரின் விதி தோக்கியோவில் ஒரு மேசையிலே, ஒரு தரப்பு 'இல்லை' என்று சொன்னதில் தீர்ந்துபோனது. அடுத்த யூன் மாதம் மிட்வே தீவுப் பக்கம் நடந்த சண்டையில் யப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் மூழ்கின. அதன்பின் இலங்கைப் பக்கம் வர அவர்களுக்கு வசதி இருக்கவில்லை.

சரி, அந்த மேசையில் 'ஆம்' என்று சொல்லியிருந்தால்?

யப்பான்காரன் வந்திருந்தால் வெள்ளைக்காரனைத் துரத்தி எங்களுக்கு விடுதலை தந்திருப்பான் என்று அந்தக் காலத்திலேயே நினைத்தவர்கள் இருந்தார்கள். கொக்கோஸ் தீவில் காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் சிலர் 1942 மே 8 இரவு அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது அடக்கப்பட்டது. கிரேசியன் பெர்னாண்டோ என்பவரையும் இன்னும் இருவரையும் ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

இந்த விசயத்தில் நாங்கள் அதிகம் கற்பனை செய்யத் தேவையில்லை. யப்பான்காரன் வந்தால் தமிழருக்கு என்ன நடக்கும் என்பதற்கு மலாயா இருக்கிறது. எங்கள் ஊர்களில் 'மலாயன் பென்சன்காரர்' வீடு என்று தூண் வைத்த வீடுகள் இருந்தனவே, அந்த மலாயாதான். அங்கே தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளரை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும் பலவந்தமாகப் பிடித்தும் சயாமுக்கு ரயிலேற்றினார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் பாதை. 1942 நடுவில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். காடு, மழை, கொலரா, அடி, பட்டினி. அந்தப் பாதையிலே 60,000 வரையான போர்க்கைதிகள் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், பர்மியர், மலாயர், சாவகத்தார் என்று ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பலமடங்கு. இறந்தவர்கள் 90,000 அளவில் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதிலே தமிழர் எத்தனை பேர் என்று ஒருவரும் சரியாக எண்ணி வைக்கவில்லை. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. எங்கள் சனம் காட்டோடு காடாகப் போய்விட்டது.

எண்ணப்படாத சாவு என்றால் என்ன என்று இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களுக்கு நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அதே மலாயாவில் 1943 இல் சுபாஸ் சந்திரபோஸ் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது ஆயிரக்கணக்கான தமிழர் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்பிள்ளைகள் ஜான்சிராணிப் படையணியில் துவக்குத் தூக்கினார்கள். அதன் தலைவி சென்னையில் பிறந்த டொக்டர் லட்சுமி. சயாம் ரயிலுக்குத் தப்பச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள், நாட்டுக்காகச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை இங்கே வசதியாக இருந்துகொண்டு எடை போடுவது எங்கள் வேலையல்ல.

வெள்ளைக்காரன் கையில் இருந்தபடியால் தப்பினோம் என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. வெள்ளைக்காரனே ஆண்ட வங்காளத்தில் 1943 இல் பஞ்சம் வந்து சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். பர்மா அரிசி நின்றது ஒரு காரணம். விலையை ஏறவிட்டதும், யப்பான் கையில் போய்விடும் என்று மீனவரின் வள்ளங்களைப் பறித்ததும் அரசாங்கம் செய்த காரணங்கள். இலங்கையிலும் பர்மா அரிசி நின்றது. ஆனால் கூப்பன் முறை வந்தது, சங்கக்கடைகள் ஊரூராகத் திறந்தன, கோதுமை மா எங்கள் அடுப்படிக்குள் வந்தது. வயிறு காய்ந்தது, ஆனால் வங்காளம் போல் ஆகவில்லை. ஆளுகிற கை யாருடையது என்பது மட்டும் போதாது, அந்தக் கை என்ன செய்தது என்றும் பார்க்கவேண்டும்.

யுத்தம் வராமல் போன இடத்திலும் அது தன் அடையாளத்தை விட்டுத்தான் போகும். பலாலி விமானத்தளத்தை அமைத்தது அந்தக் காலத்துப் பிரித்தானிய விமானப்படை. யப்பானுக்குப் பயந்து போட்ட ஓடுபாதை. 1990 இல் அந்த ஓடுபாதையைச் சுற்றித்தான் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறைச் சனம் கிணற்றையும் வளவையும் கோயிலையும் விட்டு எழும்பி ஓடவேண்டி வந்தது. 2019 ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. காணி இன்னும் முழுதாகத் திரும்பாத குடும்பங்கள் எங்களுக்குள்ளும் இருக்கின்றன.

இங்கே, அதே மாதங்களில்

இனி நாங்கள் வந்து இறங்கியிருக்கும் இந்த நாட்டுக்கு வருவோம். சிங்கப்பூர் விழுந்து நாலாம் நாள், 1942 பெப்ரவரி 19 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்க உத்தரவில் கையெழுத்திட்டார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த யப்பானிய வம்சாவளி மக்கள் சுமார் 120,000 பேரைக் குடும்பம் குடும்பமாக முள்ளுக்கம்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இங்கேயே பிறந்த அமெரிக்கப் பிரசைகள். என்ன குற்றம் செய்தார்கள்? ஒன்றும் இல்லை. அவர்கள் எதிரிக்கு உளவு சொன்னால்? கரையிலே விளக்குக் காட்டினால்? இந்த 'ஆல்' தான் குற்றம்.

இந்த 'ஆல்' எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் குற்றம் சாட்டாமலே 18 மாதம் வரை ஒருவரை உள்ளே வைக்க இடம் கொடுத்தது. இவன் போய்ச் சேர்ந்தால்? இவன் சோறு கொடுத்தால்? வீதித்தடையில் அடையாள அட்டையைப் பார்த்தவன் கேட்டதும் அதே கேள்விதான்.

இங்கே நியூ ஜேர்சியின் தெற்கிலே, பிரிட்ஜ்ரன் நகருக்குப் பக்கத்தில் சீபுறூக் என்று ஓர் இடம் இருக்கிறது. மரக்கறிகளைக் கழுவி, வெட்டி, உறையவைத்துப் பெட்டி போடும் பெரிய தொழிற்சாலை அங்கே இருந்தது. யுத்தத்தால் ஆள் தட்டுப்பாடு வந்தபோது, 1944 முதல் முகாம்களுக்கு ஆள் அனுப்பி யப்பானிய அமெரிக்கர்களை வேலைக்குச் சேர்த்தார்கள். சுமார் 2,500 பேர் வந்தார்கள். வீடு, கடை, தோட்டம் எல்லாம் இழந்தவர்கள். 12 மணித்தியால ஷிப்ற். கம்பனி கொடுத்த குடியிருப்பு. லைன் ஓடும், பட்டாணியும் போஞ்சியும் வந்துகொண்டே இருக்கும். ஈரத்திலே நின்ற கால் விறைக்கும். இதை வாசித்தபோது எங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

அவர்களிடையே இன்னொரு கூட்டமும் இருந்தது. பெரு நாட்டில் வாழ்ந்த யப்பானியரை அமெரிக்கா கேட்டு வாங்கி, கடவுச்சீட்டுகளைப் பறித்து, டெக்சாஸில் கிறிஸ்டல் சிற்றி என்ற இடத்து முகாமில் அடைத்திருந்தது. யுத்தம் முடிந்ததும், நீங்கள் கடவுச்சீட்டு இல்லாமல் சட்டவிரோதமாக நுழைந்தவர்கள், வெளியேறுங்கள் என்றது. அவர்களில் ஒரு பகுதியினர் வழக்காடிக்கொண்டே 1946 இல் சீபுறூக் வந்து வேலை செய்தார்கள். பின்னர், யுத்தத்தில் நாடிழந்த எஸ்தோனியக் குடும்பங்களும் அதே தொழிற்சாலைக்கு வந்தன.

1983 இல் அமெரிக்க அரசாங்கம் அமைத்த ஆணைக்குழுவே அந்த அடைப்புக்கு இராணுவத் தேவை ஒன்றும் இருக்கவில்லை, இனத்துவேசமும் யுத்த வெறியும் தலைவர்களின் தவறுமே காரணம் என்று சொன்னது. 1988 இல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தார்கள். 46 வருடம் கழித்து.

திருப்பி அனுப்பப்பட்ட கப்பல்

'ஆல்' என்ற கேள்வி இன்னொரு விதமாகவும் கேட்கப்படலாம். அதைக் கேட்காமல் விட்டதால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு கப்பல் சாட்சி.

1939 மே மாதம் ஹம்பேர்க்கிலிருந்து சென்ற் லூயிஸ் என்ற கப்பல் 937 பேரோடு புறப்பட்டது. அநேகமாக எல்லோரும் ஹிட்லருக்குத் தப்பி ஓடிய யூதர். கியூபா சிலரைத் தவிர மற்றவர்களை இறங்க விடவில்லை. கப்பல் அமெரிக்கக் கரைக்குக் கிட்ட வந்தது. மயாமி நகரத்து விளக்குகள் தெரிந்தன. அமெரிக்காவும் விடவில்லை. யூன் நடுவில் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிப் போனது. நாலு நாடுகள் அவர்களைப் பிரித்து எடுத்தன. அதில் மூன்று நாடுகளை அடுத்த வருடமே ஹிட்லர் பிடித்தான். திரும்பிப் போனவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள்.

இவர்களைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கும்படி எந்தச் சட்டமும் அன்று எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்தவில்லை.

யுத்தம் முடிந்து, கோடிக்கணக்கானோர் செத்து, ஊரிழந்தவர்கள் முகாம்களை நிரப்பிய பிறகுதான் அந்தக் கேள்வி சட்டத்தில் ஏறியது. 1951 ஜூலை 28 அன்று ஜெனிவாவில் அகதிகள் உடன்படிக்கை நிறைவேறியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அதன் முதுகெலும்பு. ஆனால் அதிலே ஒரு திகதி போட்டிருந்தார்கள். 1951 ஜனவரி 1 க்கு முன் நடந்த சம்பவங்களால் அகதியானவர்களுக்கு மட்டும். அந்தத் திகதி அப்படியே நின்றிருந்தால் 1983 இல் வெள்ளவத்தையில் வீடு எரிந்தவர் அந்த உடன்படிக்கையின் கணக்கில் அகதி இல்லை. 1967 இல் இன்னோர் ஒப்பந்தம் போட்டு அதை நீக்கினார்கள். 1968 இல் அமெரிக்கா அதில் சேர்ந்தது.

அப்போதும் இங்கே கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் அகதி என்றால் பெரும்பாலும் கம்யூனிச நாட்டிலிருந்து ஓடிவந்தவர் அல்லது மத்திய கிழக்கிலிருந்து வந்தவர். எடிசன் பக்கம் இருப்பவர்கள் கில்மர் முகாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். யுத்தத்துக்குப் போன படையினர் கப்பலேறக் காத்திருந்த இடம். 1956 இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது ஓடிவந்த 30,000 பேருக்கு மேல் அந்த முகாமில்தான் வந்து இறங்கினார்கள். அந்த வரிசையில் நாங்கள் நின்றிருந்தால் எந்தப் பெட்டியிலும் அடங்கியிருக்க மாட்டோம். 1980 மார்ச் 17 இல் ஜனாதிபதி காட்டர் கையெழுத்திட்ட அகதிகள் சட்டம்தான், எந்த நாடு என்று பாராமல் இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து என்ற ஐந்து காரணங்களை வைத்தது. எங்கள் நாட்டில் ஜூலைக் கலவரம் வந்தது அதற்கு மூன்றே வருடம் கழித்து.

1987 இல் நிக்கரகுவாப் பெண்ணொருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் சொன்னது. தஞ்சம் கேட்பவர், திரும்பிப் போனால் ஆபத்து வரவே அதிக வாய்ப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை, பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அந்த அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். நாங்கள் இங்கே இருப்பதே ஒரு 'நடந்தால்' என்ற கேள்வியில் தொங்கிக்கொண்டுதான். சென்ற் லூயிஸ் கப்பலில் இருந்தவர்களுக்காக ஒருவரும் கேட்காத கேள்வி, எங்களுக்காகக் கேட்கப்பட்டது.

கதவு ஒருமுறை திறந்தால் திறந்தபடியே இருக்கும் என்றும் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று, வெளிநாடுகளிலிருந்து அகதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தும் திட்டத்தை நிறுத்திவைக்கும் உத்தரவு போடப்பட்டது. விமானச் சீட்டுக் கையில் இருந்தவர்களின் பயணம்கூட நின்றது.

சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேச்சு

அகதிகள் உடன்படிக்கை நிறைவேறி ஆறு கிழமைகூட ஆகவில்லை. 1951 செப்டெம்பரில் யப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்யச் சான் பிரான்சிஸ்கோவில் நாடுகள் கூடின. இலங்கையின் சார்பில் பேசியவர் அன்றைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா. குண்டு போட்ட யப்பானிடம் இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, பகையால் பகை தீராது என்ற கருத்தில் பேசினார். சபை எழுந்து கைதட்டியது. யப்பான் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறது. காமகுராவில் அவருக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள்.

1983 ஜூலையில் அதே மனிதர்தான் ஜனாதிபதி. கொழும்பிலே கடைகளும் வீடுகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழர் கொல்லப்பட்டார்கள். குண்டு போட்ட அயலானுக்குச் சொன்ன வார்த்தையைச் சொந்த நாட்டுச் சனத்துக்கும் சொல்லியிருந்தால்? எங்கள் 'ஆல்'களிலே இதுதான் எங்களுக்கு மிகவும் நோகிறது. ஏனென்றால் இதற்கு விமானந்தாங்கிக் கப்பல் தேவையில்லை, இரண்டு சேனை தேவையில்லை. தெரிந்த வார்த்தையை வாய் திறந்து சொன்னால் போதும்.

வீட்டுக்கு வருவோம்

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் உண்டு. 'அப்படி நடந்திருந்தால்' என்று கேட்காதீர்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். சொன்னாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது என்பதுதான் எங்கள் எண்ணம்.

கேட்டால், உண்மையில் நடந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். யப்பான்காரன் வந்திருந்தால் என்பதற்கு மலாயா பதில் வைத்திருக்கிறது. ஆசைக்கு ஏற்றபடி கதை கட்டினால் மனம் ஆறும், பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி, வேறு ஊரவனைப் பற்றி, வேறு இயக்கத்தில் இருந்தவனைப் பற்றி 'இவன் இப்படிச் செய்தால்' என்ற சந்தேக 'ஆல்' வாயில் வந்தால் சீபுறூக்கை நினையுங்கள். லைனிலே எங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஹெயிட்டிக்காரனையோ, தலையில் துணி போட்ட பெண்ணையோ பார்த்து வந்தாலும் அப்படித்தான். அந்த 'ஆல்' எங்களை என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும்.

தஞ்சக் கோரிக்கை இன்னும் முடியாதவர்கள் எங்கள் வாசகர்களில் பலர். உங்கள் வாக்குமூலத்தில் நடந்தது நடந்தபடி இருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், வெட்கப்பட்டோ பயந்தோ குறைக்கவும் வேண்டாம். 'திருப்பி அனுப்பினால்' என்ற கேள்விக்கு உங்களுக்கு நடந்ததுதான் முதல் சாட்சி. மற்றதை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு நடவுங்கள். தேநீர்க்கடைச் சட்ட ஆலோசனை வேண்டாம்.

வீட்டிலோ ஊரிலோ எண்பத்தைந்து, தொண்ணூறு வயது தாண்டிய ஐயா, ஆச்சி யாரும் இருந்தால், தொலைபேசி எடுத்துக் கூப்பன் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். சங்கக்கடை வரிசை, மாப் பிட்டு, மலாயாவிலிருந்து வராமல் நின்ற கடிதம், யார் வந்தார், யார் வரவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி எழுத விடுங்கள். அவர்களுடைய பள்ளிக்கூடக் கட்டுரைக்கும் அது உதவும். அந்தத் தலைமுறை போய்விட்டால் சயாம் காட்டில் போனவர்கள்போல் அதுவும் எண்ணப்படாமல் போகும்.

நியூ ஜேர்சியில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை குடும்பமாகச் சீபுறூக் போய்வரலாம். அந்த மக்களின் பிள்ளைகள் முன்னின்று 1994 இல் திறந்த சிறிய காட்சியகம் அங்கே இருக்கிறது. புறப்படுமுன் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். தங்கள் தாய் தகப்பன் லைனில் நின்ற கதையை அவர்கள் வெட்கப்படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் கதையையும் ஒருநாள் யாரோ அப்படி வைக்கவேண்டும். அதற்கு இப்போதே எழுதிவைக்கவேண்டும்.

கேட்டறிந்ததை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழை பார்க்கவேண்டாம், நாங்களும் அப்படித்தான். அடுத்த இதழில் சந்திப்போம்.